நாளை என்னுஞ் சொல்

மனத்தினுள்ளே ஒரு நல்விருப்பம் தோன்றுதல் யாவர்க்கும் எளிது. அதனைப் பிறரறியாமற் பல்லாண்டு பேணி வைத்தலும் எளிதேயாம். அவ்விருப்பத்தை ஒருநாள் வெளியே கொணர்ந்து தொழிலாக்குதலே அரிது. நம் ஆசிரியர் கூடுமிடங்களில் இதனைப்பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இருவகை மறுப்புக் கேட்கின்றோம். ஒன்று சமயத்தின் பெயராற் கூறப்படுவது. ஆசையை அறுக்கவேண்டுமென்று கற்பிக்குஞ் சைவர் தம்முடைய ஆசையைத் துணிந்து நிறைவேற்றப் புகுதல் தகுமா, எல்லாம் அவன் செயலன்றோ என்பர். மற்றையது குடும்பத்தின் பெயராற் கூறப்படுவது. துறவிகளுக்கு அது தகும், மனைவி மக்களையும் மாதச் சம்பளத்தையும் உடையேமாகிய எமக்கு அஃதெங்ஙனம் கூடும் என்பர். இவ்விரண்டும் புறந்தள்ளத்தக்க மறுப்புக்களல்ல. ஆயினும், இவை உண்மையினின்று எழுகின்றனவோ அச்சத்தினின்று எழுகின்றனவோ என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சையே வினாவியறிதல் வேண்டும். அச்சம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வருவதில்லை. பத்தி வேடமோ கடமை வேடமோ பூண்டே வரும்.

முதலாவது மறுப்பைச் சித்தாந்தத்தைக் கொண்டே நோக்குவாம். ஆணவ மலத்தால் மறைப்புண்டு விருப்பும் அறிவும் செயலும் விளங்காது கிடந்த ஆன்மாவுக்கு இறைவன் மாயையினின்றுந் தத்துவங்களைக் கூட்டுகின்றான் என்பது நாம் மாணாக்கர்க்குக் கற்பிப்பது. அவற்றுள்ளே கலை கிரியாசத்தியையும், வித்தை ஞானசத்தியையும், அராகம் இச்சாசத்தியையும் விளக்குமென்பர். விரும்புதற்குக் கருவி தந்தவனே செய்தற்குங் கருவி தந்தான். அங்ஙனமாக, விருப்பம் மாத்திரம் விழித்திருக்கச் செயலை உறங்கவிட்டு, அவ்வுறக்கத்துக்கு அவன் செயலென்று பெயரிடுதல், அவன் தந்தவற்றுள் ஒன்றை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தலை ஒக்கும். எல்லாம் அவன் செயலென்னும் மொழி, செய்து முடித்தவன் வாயிற் பிறக்கும்போது பணிவாகின்றது. செய்யத் தொடங்காதவன் வாயிற் பிறக்கும்போது அது யாதாகும்? இனி, அறுக்கத்தக்க ஆசையென்று நம் நூல்கள் கூறுவது யான் எனதென்னுஞ் செருக்கைப் பற்றி நிற்பதையே. அச்சத்தை அகழ்ந்து பார்ப்பின் அதன் வேரும் அச்செருக்கேயாகக் காண்கின்றோம். "தோற்றுப்போனால் நாலுபேர் என்னை யாதென்று நினைப்பர்" என்று நடுங்குபவன் பெரிதும் பேணுவது அவ்வாக்கியத்திலுள்ள "என்னை" என்பதையன்றோ?

யான் இளமையிலே கிறித்தவப் பாடசாலையிற் கற்றவன். அங்கே வேதபாட வேளையிற் கேட்ட கதையொன்று ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஒரு தலைவன் அயல்நாட்டுக்குப் போகும்போது தன் ஊழியர் மூவரிடம் பொருளை ஒப்புவித்தான். இருவர் அதனைக்கொண்டு வாணிகஞ் செய்து பெருக்கினர். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்து, தலைவன் மீண்டபோது எடுத்துக் கொடுத்தான். அவன் களவு செய்தானல்லன். ஒரு காசுங் குறையவில்லை. ஆயினும் கடிந்துகொள்ளப்பட்டவன் அவனே. புதைத்தமைக்கு அவன் கூறிய காரணம், தலைவன் கடினமுடையவன் என்று அஞ்சினேன் என்பதாம். பிறசமயத்து நூலிலுள்ளதாயினும் நமக்கு ஆவதைக் கொள்ளுதல் இழுக்கன்று. தலைவனைக் கொடியவனென்று நினைத்தவனே புதைத்தான் என்பதைக் கவனிக்க. நாமோ, நம் பதி அருளையே திருமேனியாக உடையவன் என்று நாடோறும் ஓதுகின்றோம். ஓதிவிட்டுப் போய்ப் புதைக்கின்றோம்.

இவ்விஷயத்துக்குப் பெரியபுராணத்திலே ஒரு நாயனாருடைய பெயரே சான்றாக நிற்கின்றது. அறுபத்துமூவருள்ளே, செய்த திருத்தொண்டாற் பெயர்பெற்றோர் பலர். பிறந்த ஊராற் பெயர்பெற்றோர் சிலர். செய்ய விரும்பிச் செய்யாது தள்ளிப்போட்டமையாற் பெயர்பெற்றவர் ஒருவரே. அவர் திருநாளைப்போவார் நாயனார். மேற்காநாட்டு ஆதனூரிலே, ஊரார் ஒதுக்கி வைத்த குலத்திலே, நந்தனாரென்னும் பெயரோடு பிறந்த அவருக்கு ஊரவர் விட்ட மானியநிலமே சீவனம். சிவாலயங்களிலுள்ள பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையுங் கொடுத்து, வாயிலின் புறத்தே நின்று தொழுதுவந்தார். திருப்புன்கூரிலே சுவாமியை நேரே தரிசிக்க விரும்பியபோது, மறைத்திருந்த இடபதேவர் விலகினார். ஆண்டு ஒரு பள்ளத்தைக் கண்டு அதனைக் குளமாகத் தோண்டி முடித்தே மீண்டார். இத்துணையுஞ் செய்தவருக்குத் தில்லைக்குப் போதல் மாத்திரம் முடியவில்லை. ஆசை மிகுந்து இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பார். விடிந்தவுடனே தம் பிறப்பை நினைப்பார். அங்கே சென்றடைதற்குத் தம் குலம் இசைந்ததன்றென்று எண்ணுவார். இதுவும் இறைவனுடைய ஏவலேயென்று அமைந்து போக்கைத் தவிர்வார். மீண்டும் ஆசை எழும். நாளைப் போவேன் என்பார். நாட்கள் கழிந்தன.

இங்கே ஆசிரியர்கள் ஒன்றை உற்றுநோக்கவேண்டும். நந்தனார் கதையென்று நம் பிள்ளைகளுட் பலர் அறிந்திருப்பது சேக்கிழார் சொன்ன கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிற் சொன்ன கதை. அதில் நந்தனாருக்கு ஒரு வேதியர் ஆண்டையாக இருக்கின்றார். உத்தரவு கொடுக்க மறுக்கின்றார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தாற் போகலாமென்கின்றார். கேட்போர் கண்ணீர் விடுகின்றனர்; ஆண்டையைச் சினக்கின்றனர். பாடி நடித்தற்கு அது மிகவும் ஏற்றதே. சேக்கிழார் நூலிலோ அவ்வாண்டை இல்லை. வழியிலே எவரும் நின்று மறிக்கவில்லை. மறிப்பது நந்தனாருடைய நெஞ்சே. இதுவே இரண்டனுள்ளும் கடியதென்பது எமது கருத்து. ஊரார் கட்டிய சுவர் ஊருக்கு வெளியே மாத்திரம் நிற்பதில்லை. பல தலைமுறை நின்றபின் ஒதுக்கப்பட்டவனுடைய உள்ளத்தினுள்ளேயும் எழும்பிவிடுகின்றது. அதன்பின் அவனைத் தடுக்க ஆள் வேண்டியதில்லை. "இது எனக்கு அடாது" என்று அவனே சொல்லிக்கொள்வான். அதற்கு இறைவன் பெயரையும் இட்டுக்கொள்வான்.

ஆகையால் நாயனாருடைய "நாளை"யைச் சோம்பரென்றேனும் கோழைமையென்றேனும் ஒருவருங் கூறற்க. அது பிறர் அவர் தலைமேல் ஏற்றிய சுமை. நம் நாட்டிலும் அச்சுமையை ஏற்றினோர் அயலாரல்லர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எக்குலத்துப் பிள்ளைகளும் சமவாசனத்திலிருந்து கற்கவேண்டுமென்று 1930ஆம் ஆண்டளவில் அரசாங்கத்தார் வற்புறுத்தியபோது, திருநீறு பூசிய நம்மவருட் பலரே எதிர்த்து நின்றனர். நந்தனாருடைய குருபூசையைத் தவறாது கொண்டாடியவரும் அவர்களுள் இருந்திருப்பர். அது நிற்க.

நாயனார் ஒருநாட் புறப்பட்டார். புறப்பட்டும் தில்லையின் எல்லையில் வேள்விப் புகையைக் கண்டவளவில் உட்புகாது, இரவும் பகலும் மதிலையே சுற்றிச்சுற்றி வந்தார். அருள் வந்தது அதன்பின்னர். ஆதனூரிற் படுத்திருந்தபோது சுவாமி கனவிற் றோன்றிற்றிலர். மதிற்புறத்திலே அயர்ந்து துயின்றபோதே தோன்றினார் என்பது எம்முள்ளத்தை விட்டு நீங்குவதில்லை.

"நாளை" என்பது "இன்று" ஆவது எங்ஙனம்? திடீரென ஓரிரவில் வீரம் பிறந்துவிடுமென்று பலர் காத்திருக்கின்றனர். நாம் மேடைகளிற் பேசுமுறையும் இதற்கு ஒரு காரணம். ஆறுமுகநாவலர் பாதிரியார் பாடசாலை உத்தியோகத்தை உதறியெறிந்தார் என்று ஒரு வாக்கியத்திற் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றோம். உதறிய கணம் ஒன்றே கேட்போர் கண்ணுக்குத் தெரிகின்றது; அதற்கு முன்னிருந்த ஆண்டுகள் மறைந்துபோகின்றன. 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், தம் பன்னிரண்டாம் வயதளவில் உவெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்து, பின் அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்தார். 1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் வசந்தமண்டபத்திலே தமது முதலாவது சைவப்பிரசங்கத்தைச் செய்தபோதும் அவர் பேர்சிவலுடைய சம்பளக்காரரே. அடுத்த வெள்ளிக்கிழமையும் பேசினார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் பேசினார். நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடனிருந்து முறைவைத்துப் பேசினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. உத்தியோகமும் அவ்வாண்டிலேயே விடப்பட்டது. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்ற வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர்.

துணிவு முற்ற வந்தபின் அவர் பேசத் தொடங்கினாரல்லர். வெள்ளிக்கிழமைதோறும் பேசிப்பேசித் துணிவை ஈட்டினார் என்றே எமக்குத் தோன்றுகின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மாலையிற் பேசுதற்கு உத்தியோகத்தை விடவேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுதும் நாணத்தை விடுதலுமே போதும். விட்டபின் வந்தனவும் பூமாலைகள் மாத்திரமல்ல. வீடுதோறும் பிடியரிசி சேர்த்து வித்தியாசாலையை நடத்தவேண்டியிருந்தது. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பொருளின்மையால் நாலாண்டிலே மூடப்பட்டது. நாவலரும் தோற்றதுண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் ஏனோ கூசுகின்றோம். வென்றதை மாத்திரம் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் முதற்றோல்வியிலேயே தான் நாவலர் வழியினனல்லன் என்று முடிவுசெய்து இருந்துவிடும்.

இனி இரண்டாவது மறுப்பு. நாவலர் இல்லறத்திற் புகாதவர். ஆதலின் அவரை இல்லறத்தாருக்கு உதாரணமாக்குதல் பொருந்தாதென்பது நியாயமே. ஒருவன் தன் விருப்பத்தைத் துணிந்து செய்யும்போது அதற்குரிய விலையைத் தான் கொடாது தன் மனைவியும் பிள்ளைகளும் கொடுக்கும்படி விடுவானாயின், அதனைத் துணிவென்று புகழ எமக்கு நாவெழவில்லை. அத்தகையோரையும் கண்டிருக்கின்றோம். ஆனால் இல்லறத்தாருக்கு வேறு வழியே இல்லையென்பது அற்றன்று.

சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர், மனைவி மக்களுடையவர். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடத்திய பி. ஏ. பரீட்சையிலே தேறிய இருவருள் ஒருவர். அவர் அரசாங்கத்துக் கணக்கு இலாகாவிலே உத்தியோகம் பார்த்தார்; பின்னர் நியாயசாத்திரங் கற்று, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். கணக்கேடுகளோடு காலங்கழித்த அவருடைய நெஞ்சிலிருந்த விருப்பமோ வேறு ஏடுகளைப் பற்றியது. செல்லரித்து, தொட்டவிடம் உதிரும் நிலையிற் கிடந்த பழந்தமிழ்ச் சுவடிகளை முற்றும் அழியுமுன் அச்சேற்றிவிட வேண்டுமென்பதே அது. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரை நாவலர் பரிசோதிக்க அவரால் வெளிவந்தது. வீரசோழியம் வந்தது 1881இல். இடையிற் சென்றவை பதின்மூன்று ஆண்டுகள். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் வெளிவந்தன. அவர் உத்தியோகத்தை உதறவில்லை. உத்தியோகம் எஞ்சவிட்ட பொழுதையும் பொருளையும் அதற்கு ஆக்கினார். உதறினவரைப் பாடுதற்குப் பாட்டு உண்டு. இவ்வாறு சிறுகச்சிறுகச் செய்தவரைப் பாடுதற்கு இல்லை. கலித்தொகையைக் கையில் எடுக்கும்போதேனும் அந்தக் கணக்கரை நினைத்தல் நமக்குக் கடன்.

தில்லைக்குப் போக ஏங்கியவர் யாழுக்கு நரம்பு கொடுத்தவர் என்று மேலே கூறினோம். அந்த யாழே பின்னாளில் வழக்கொழிந்து, அதன் உருவத்தையும் சுருதியையும் அறிவாரின்றிப் போயிற்று. அதனை மீட்கவேண்டுமென்னும் விருப்பம் கீழ்மாகாணத்துக் காரைதீவிற் பிறந்த ஒருவருடைய நெஞ்சிலே பிறந்தது. விபுலாநந்த அடிகள் 1892இற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே கற்று, இலண்டன் சர்வகலாசாலை விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டார். துறவிக்குப் பொழுது மிகுதியென்று நினைப்போர் அவருடைய வாழ்க்கையைப் பார்க்க. திருக்கோணமலை இந்துக் கல்லூரியையும், மட்டக்களப்பிலே 1929இற் றோன்றிய சிவானந்த வித்தியாலயத்தையும், சங்கத்தின் வேறு பாடசாலைகளையும் அவர் சுமந்தார். ஆசிரியர் சம்பளம், கூரை, மேசை, பரிசோதகர் கடிதம் ஆகிய இவற்றினிடையே கிடந்தது அவர் பொழுது. பாடசாலை நடத்தினோர்க்கு அப்பொழுது எத்தன்மையதென்று யாம் சொல்லவேண்டியதில்லை. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள கரையோர வழியும் அந்நாளில் எளிதாயிருந்ததன்று. துறைகள்தோறும் பாதையேறியே ஆறுகளையும் களப்புக்களையும் கடக்கவேண்டும். கிண்ணியாத் துறைக்குப் பாலம் வந்ததே 2009இல்.

அத்தகைய வேலைகளுக்கிடையே அவர் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையை எடுத்து, அதிலுள்ள இசைக் குறிப்புக்களை விஞ்ஞான கணிதத்தோடு பொருத்தி, நரம்புகளின் அளவைக் கணித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறையப் பதினாலு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றப்பட்டது. அவர் கணித்தவாறு செய்யப்பட்ட யாழ்கள் அங்கே இசைக்கப்பெற்றன. ஆடி மாதம் 19ஆந் தேதி அவர் சிவபதமடைந்தார். அரங்கேற்றத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு மாதமும் இல்லை. இன்னுஞ் சிறிது ஓய்வு கிடைக்கட்டும், பாடசாலைக் காரியங்கள் ஒருவாறு ஒழுங்காகட்டும், நாளைத் தொடங்கலாம் என்று ஓராண்டு தாழ்த்திருப்பாராயின் யாழ்நூல் முற்றுப்பெற்றிருக்குமோ? ஓய்வு அவருக்குக் கடைசிவரையும் கிடைக்கவேயில்லை.

இவற்றையெல்லாம் எழுதும் யாம் இருப்பது வெருகலம்பதியிலே. மகாவலியின் ஒரு கிளை கடலோடு கலக்குமிடத்தில், சித்திரவேலாயுத சுவாமியின் சந்நிதியில். இவ்வூரார் 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடற்கோளைக் கண்டனர். 2006இல் யுத்தத்தால் ஊரையே விட்டு ஓடி, அடுத்த ஆண்டிலே திரும்பிவந்து, காடுபற்றிய வளவுகளிற் கொட்டில் போட்டனர். அவ்வாறு பட்டவர்கள் தம் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு அஞ்சுவார்களாயின், அவ்வச்சத்தை இகழ எவருக்கு வாயுண்டு? கையிலிருந்ததை இருமுறை இழந்தவர் மூன்றாமுறை கையை நீட்டத் தயங்குவர். வீரத்தைப்பற்றிய பிரசங்கம் அவர்களுக்கு வேண்டியதில்லை. ஆசிரியர் செய்யத்தக்கது வேறொன்றுண்டு என்று நினைக்கின்றோம். பிள்ளை சொல்லும் "நாளை" எவ்வகையது என்று பகுத்தறிதலே அது. மடியினால் வருவதாயின் கடியலாம். பொருளின்மையால் வருவதாயின் வழி தேடலாம். "எங்களைப்போன்றவர்களுக்கு இது அடாது" என்பதனால் வருவதாயின், அச்சுவரை எழுப்பியதில் நமக்குப் பங்குண்டோ என்று முதலில் நம்மையே கேட்டல் வேண்டும். வகுப்பிலே ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்த ஒரு சிரிப்பு ஒரு கல். "உனக்கேன் இது" என்றது மற்றொரு கல்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் கற்ற ஒரு மாணவி கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வல்லவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பினாள். அதற்கு ஊரைவிட்டுத் திருக்கோணமலையிலே தங்கவேண்டும். தந்தையார் கடற்றொழிலாளர். அவரிடம் யாம் மும்முறை சென்றோம். மும்முறையும் அவர் மரியாதையோடு எழுந்துநின்று, "நாளைக்குப் பாப்பம் வாத்தியார்" என்றே சொன்னார். நாலாமுறை யாம் அறிவுரை ஒன்றுங் கூறவில்லை. பேருந்து வரும் வேளை, அங்கே தங்கத்தக்க ஒரு வீடு, மாதச் செலவு, அதிற் பாதியைத் தருவதாக ஒப்பிய இரண்டு பழைய மாணாக்கர் ஆகிய இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அத்தாளை நெடுநேரம் பார்த்தார். உள்ளேயிருந்து தாயார்தான் வெளியே வந்து, எந்தக் கிழமை போகவேண்டுமென்று கேட்டார். திங்கட்கிழமை என்றோம். அத்திங்கட்கிழமை தாயும் மகளும் முதற்பேருந்திற் போயினர். பரீட்சையிலே முதன்முறை பெற்ற புள்ளிகள் அவள் விரும்பிய படிப்புக்குப் போதவில்லை. இப்போது அதே வீட்டிலிருந்து இரண்டாமுறைக்குப் படிக்கின்றாள். மாலைவேளைகளில் அயற்பிள்ளைகள் அறுவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தன் செலவில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்கின்றாள்.